தோற்றுப் பழகிய ஆசை

செஸ் வீரர் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனது 2019 ஜனவரி 15 அன்று, டெல்லியில் நடந்த ஓபன் போட்டியில். அன்றைக்கு அவருக்கு வயது 12 ஆண்டு, 7 மாதம், 17 நாள். செர்கேய் கர்யாகின் 2002-இல் 12 ஆண்டு 7 மாதத்தில் அந்தப் பட்டத்தைப் பெற்று, உலகின் இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற பெயரை வைத்திருந்தார். சென்னைப் பையனுக்கு அந்தப் பெயர் 17 நாளில் தவறிப்போனது. அரை மார்க்கில் மருத்துவ சீட் போன கதையை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. இங்கே 12 வயதுக் குழந்தையின் தலையில் இப்படியொரு 17 நாள் விழுந்தால், அது அந்தக் குழந்தையை எத்தனை காலம் அழுத்தும் என்று அஞ்சத் தோன்றும். அழுத்தவில்லை. கர்யாகினின் சாதனையை 2021-இல் அபிமன்யு மிஸ்ரா என்ற அமெரிக்கச் சிறுவன் முறியடித்தார். அதோடு அந்த 17 நாளுக்கு அர்த்தமே இல்லாமல் போனது. குகேஷ் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் அப்போதைய சாம்பியன் டிங் லிரனை வென்று, 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். உலகிலேயே இளைய சாம்பியன் ஆக வேண்டும் என்று 11 வயதில் கேமரா முன் சொன்ன ஆசை அது.

விடாமுயற்சிக்கு உதாரணம் என்று இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடலாம். பள்ளி ஆண்டு விழாக்களில் அப்படித்தான் சொல்லப்படுகிறது. ஆனால் விடாமுயற்சி என்று பெயர் வைத்துவிட்டால், அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு குழந்தை தோற்றுவிட்டு மறுநாளும் அதே மேஜையில் உட்காருவதற்கு என்ன காரணம்? சிறுவயதில் தீவிரமாக ஆடப்படும் விளையாட்டு, ஆசையைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத ஒரு பாடத்தைத் தருகிறது என்று நினைக்கிறேன். ஆசை எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். தோல்வி மட்டும் சின்னதாக, அன்றாடச் சமாச்சாரமாக, எண்ணிவிடக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளப் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. சின்னத் தோல்வி வந்தாலே ஆசையைச் சுருக்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் ஆசை பெரிது என்பதாலேயே ஒவ்வொரு தோல்வியையும் பேரழிவாக்கிக்கொள்வார்கள். செஸ் ஆடும் குழந்தை பத்து வயதுக்குள் இந்த இரண்டையும் பிரித்து வைக்கப் பழகிவிடுகிறது. பழகியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அங்கே தாக்குப்பிடிக்க முடியாது.

இது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். சென்னையிலோ கோவையிலோ ஒரு பள்ளி அரங்கில் நடக்கும் ரேட்டட் டோர்னமென்ட். எட்டு வயதுக் குழந்தை தன் ஒவ்வொரு நகர்த்தலையும் எதிராளியின் ஒவ்வொரு நகர்த்தலையும் ஸ்கோர் ஷீட்டில் தன் கையால் எழுத வேண்டும், அது விதி. தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும், அதுவும் விதி. தோல்வி உறுதியானதும் கடிகாரத்தை நிறுத்திக் கை கொடுக்க வேண்டும், முடிவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சீட்டு சரியில்லை, பிட்ச் சரியில்லை, கூட்டாளி கேட்ச் விட்டான் என்று சொல்ல இங்கே வழியில்லை. தோற்றதற்கான முழுக் கணக்கும் தன் கையெழுத்திலேயே இருக்கிறது. அதன்பிறகு நடப்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பு. இரண்டு குழந்தைகளும் வெளியே வந்து, எங்காவது ஒரு போர்டைப் பிடித்து, அதே ஆட்டத்தை மறுபடி வைத்துப் பார்க்கிறார்கள். 'இங்கே குதிரையை இப்படி வைத்திருந்தால்?' என்று ஜெயித்தவனே தோற்றவனுக்குக் காட்டுகிறான். பத்து நிமிடத்துக்கு முன்னால் கண்ணில் நீர் முட்டிய குழந்தை, இப்போது 23-ஆவது நகர்த்தலைப் பற்றி வாதம் செய்துகொண்டிருக்கிறது. 'நான் மோசமானவன்' என்று தொடங்கிய துக்கம், 'அந்த நகர்த்தல் மோசம்' என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது.

ஆடுபவரின் பலத்தைப் புள்ளிகளால் அளக்கும் ரேட்டிங் கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது. ஹங்கேரியில் பிறந்த அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் அர்பாத் எலோ வகுத்த இந்த முறையை உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-இல் ஏற்றுக்கொண்டது. 18 வயதுக்குட்பட்டு, 2300-க்குக் கீழே இருக்கும் வீரர், தனக்குச் சமமானவரிடம் தோற்றால் 20 புள்ளி போகும். ஜெயித்தால் 20 வரும். தன்னைவிட 400 புள்ளி அதிகமுள்ளவரிடம் தோற்றால் போவது 3 புள்ளிதான். அவரை ஜெயித்துவிட்டால் ஏறக்குறைய 37 புள்ளி வரும். தன்னைவிடத் திறமைசாலியிடம் போய்த் தோற்பது மலிவு, சுலபமான ஆளைத் தேடிப் போய்த் தோற்பது விலை அதிகம் என்பதை இந்தக் கூட்டல் கழித்தல் ஒன்பது வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. அதனால் விவரமான குழந்தைகள் தங்களுக்கு மேலே இருப்பவர்களிடம் மோதக் கிடைக்கும் ஓபன் போட்டிகளையே விரும்புகிறார்கள். ஒருமுறை 2400-ஐத் தொட்டுவிட்டால் ஓர் ஆட்டத்தால் ஏறுவதும் இறங்குவதும் கால்பங்காகக் குறைந்துவிடும். குழந்தை வேகமாக விழலாம், வேகமாக எழலாம் என்று இந்த முறையே இடம்விட்டு வைத்திருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு ஆசையைக் கற்றுக்கொடுக்கும் இன்னொரு பெரிய அமைப்பு பொதுத்தேர்வு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். பன்னிரண்டு ஆண்டு படிப்பை ஓரிரு காகிதங்களில் எடைபோட்டு, ஒரு எண்ணைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த எண் குறைந்தால் எங்கே தவறினோம் என்று உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் அந்த அமைப்பில் கிடையாது; விடைத்தாளைப் பார்ப்பதே தனி விண்ணப்பம். தோல்வி ஒரே ஒருமுறை வருகிறது, முழு உயரத்தில் வருகிறது, காரணம் சொல்லாமல் வருகிறது. அதுவரை தோற்றே பழகாத 17 வயதுப் பிள்ளை அதை எப்படித் தாங்கும்? தேர்வு முடிவு நாளில் வரும் துயரச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், ஆசையை இவ்வளவு பெரிதாக ஊட்டிவிட்டுத் தோற்கும் பயிற்சியை மட்டும் ஏன் தரவில்லை என்ற கேள்விதான் எனக்குள் எழுகிறது. செஸ் ஆடும் பிள்ளை அந்த வயதுக்குள் நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் தோற்று, காரணம் பார்த்து, மறுபடி ஆடியிருக்கும்.

குகேஷின் பாதையையே எடுத்துக்கொள்ளலாம். அதன் தொடக்கத்தில் இருப்பதும் ஒரு தோல்விதான்; ஆனால் இன்னொருவருடையது. 2013 நவம்பரில் சென்னையில் விஸ்வநாதன் ஆனந்த் தன் சொந்த ஊர் மக்கள் முன்னால், ஒரு ஆட்டத்தைக்கூட வெல்லாமல், மேக்னஸ் கார்ல்சனிடம் உலகப் பட்டத்தை இழந்தார். ஆட்ட அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த குழந்தைகளில் ஏழு வயது குகேஷும் ஒருவர். பட்டத்தை இந்தியாவுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் அப்போது பிறந்தது என்று பின்னாளில் சொன்னார். ஆனந்த் என்ன செய்தார் என்பது அதைவிட முக்கியம். அப்போது அவருக்கு 43 வயது. ஓய்வு பெறலாம் என்று பலரும் சொன்னார்கள். நான்கே மாதத்தில், 2014 மார்ச்சில், கான்டி மான்சிஸ்கில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியை வென்று மறுபடியும் சவால் விடும் இடத்துக்கு வந்துவிட்டார். 2017-இல், 48 வயதில், உலக ரேபிட் சாம்பியன் ஆனார். ஆறு வயதில் அம்மாவிடம் கற்ற ஆட்டம், ஐம்பதை நெருங்கும்போதும் தோல்வியை அதன் அளவிலேயே வைக்க அவருக்கு உதவியிருக்கிறது.

2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட். குகேஷ் இந்தியாவின் இரண்டாம் அணிக்கு முதல் போர்டில் ஆடினார். முதல் எட்டு ஆட்டங்களில் எட்டும் வெற்றி. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் நோடிர்பெக் அப்துசத்தோரோவை எதிர்த்து, நல்ல நிலையில் இருந்த ஆட்டத்தை நேர நெருக்கடியில் ஒரே பிளண்டரில் கைவிட்டார். 16 வயதுப் பையன் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சியை ஊரே பார்த்தது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. இந்திய இரண்டாம் அணிக்கு வெண்கலம். மறுநாள் கடைசிச் சுற்றில் அதே முதல் போர்டில் அவர் உட்கார்ந்து டிரா செய்தார். இரண்டு ஆண்டு கழித்து புடாபெஸ்டில் பத்து ஆட்டங்களில் ஒன்பது புள்ளி, அணிக்கும் தங்கம், தனக்கும் தங்கம். அதே 2024-இல் டொரன்டோ கேண்டிடேட்ஸில் ஏழாவது சுற்றில் அலிரேசா ஃபிரூஜாவிடம் தோற்றார். அந்தப் போட்டியில் அவருக்கு அதுதான் ஒரே தோல்வி, கடைசியில் முதலிடம் அவருக்கு. சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான முதல் ஆட்டத்தையே, அதுவும் வெள்ளைக் காயில், தோற்றுத்தான் தொடங்கினார்.

அந்தப் பட்டப் போட்டியின் கடைசி ஆட்டமான பதினான்காவது ஆட்டம் ஆசையைப் பற்றி இன்னொன்றையும் காட்டுகிறது. இருவரும் ஆறரைக்கு ஆறரை. குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். ஆனாலும் போர்டில் இருந்தது டிராவில் முடிய வேண்டிய நிலை. டை-பிரேக்குக்குப் போகும் என்று வர்ணனையாளர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். குகேஷ் அவசரப்பட்டு எதையும் பணயம் வைக்கவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. தனக்கு ஆபத்தில்லாத, எதிராளிக்கு மட்டும் கஷ்டமான நகர்த்தல்களாகத் தேடித் தேடி மணிக்கணக்கில் அழுத்திக்கொண்டே இருந்தார். 55-ஆவது நகர்த்தலில் டிங் யானைக்கு யானை கொடுக்க முன்வந்தார். அதில் ஒரு ஓட்டை இருந்தது: யானைகள் போனதும், மூலையில் மாட்டியிருந்த டிங்கின் மந்திரியையும் வெட்டுக்கு இழுத்துவிடலாம், மிஞ்சும் சிப்பாய் ஆட்டத்தில் கறுப்பில் ஆடிய குகேஷுக்கு வெற்றி நிச்சயம். சில விநாடிகள் கழித்துத்தான் குகேஷுக்கு அது பிடிபட்டது. முகம் மாறியதைக் கேமரா காட்டியது. டிங் தோல்வியை ஒப்புக்கொண்டதும் குகேஷ் அழுதார். அழுதபடியே கலைந்து கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் கட்டத்தில் வைத்தார். உலகப் பட்டம் கிடைத்த நிமிடத்திலும் அவர் கை செய்தது, ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் செய்து பழகிய வேலையைத்தான். ஆசை இவ்வளவு பெரிதாக இருந்தும் அது நகர்த்தலை மறைக்கவில்லை. குருட்டாம்போக்கில் கிடைத்த வெற்றி என்று சிலர் பேசினார்கள். டிங் பிளண்டர் செய்தது உண்மை. ஆனால் கடைசிவரை போர்டை விட்டுப் போகாதவருக்குத்தான் அந்தப் பிளண்டர் கிடைத்தது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். ஜெயித்தவர்களை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு விளையாட்டு நல்லது என்று சொல்வது சரியா? இந்தியாவில் இன்று 80-க்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தமிழ்நாட்டினர். இந்த எண்ணிக்கையின் பின்னால், பத்தாம் வகுப்பில் போர்டை மூடி வைத்துவிட்ட பல்லாயிரம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன கிடைத்தது? சாம்பியனின் கதையிலிருந்து அவர்களுக்கு வாக்குறுதி எதுவும் கிடைக்காது, கொடுப்பதும் தவறு. ஆனால் என் வாதம் பட்டத்தைச் சார்ந்ததாக இல்லை. 1600-இல் நின்றுவிட்ட பிள்ளையும் ஸ்கோர் ஷீட் எழுதியிருக்கிறது, கை கொடுத்திருக்கிறது, தோற்ற ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறது. தனக்கு எட்டும் உயரம் எது என்பதை அடுத்தவர் வாயால் கேட்காமல், ஆடிப்பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறது. 'இதற்கு மேல் எனக்கு வராது' என்று அழாமல் ஒப்புக்கொண்டு வேறு பாதைக்குத் திரும்பத் தெரிவதும் ஆசையைப் பற்றிய அறிவில் சேர்த்திதான். அதைக் கிராண்ட்மாஸ்டர்களைவிட விட்டுப்போனவர்கள் நன்றாகக் கற்றிருப்பார்கள் என்றுகூடச் சொல்வேன்.

இரண்டாவது மறுப்பு ஆய்வாளர்களுடையது. இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, அவற்றில் பாதியில் மட்டும் ஓராண்டு செஸ் கற்பித்துப் பார்த்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு, அது கணக்குப் பாடத்தில் எந்த முன்னேற்றமும் தரவில்லை என்று சொன்னது. செஸ் ஆடினால் மூளை வளரும், மார்க் ஏறும் என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்கள் இந்த முடிவை மதித்தே ஆக வேண்டும். நானும் மதிக்கிறேன். ஒரு ஆட்டத்தின் திறமை இன்னொரு பாடத்துக்குத் தானாக ஓடி வருவதில்லை. ஆனால் அந்தப் பள்ளிகளில் நடந்தது வகுப்பறைப் பாடம். ஆண்டுக்கணக்கில் போட்டிகளில் ஆடித் தோற்றுப் பழகுவது வேறு. மதிப்பெண்ணை அளக்கும் ஆய்வைக் காட்டி, தோல்வியை ஏற்கும் பக்குவம் இல்லையென்று சொல்ல முடியாது. உண்டென்று நிரூபிக்கவும் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனந்தின் 2014 மீட்சியைப் போன்றவற்றைப் பார்த்துத்தான் நான் இந்தப் பக்கம் சாய்கிறேன்.

மூன்றாவது மறுப்புதான் உண்மையில் கனமானது. அது பெற்றோரைப் பற்றியது. குகேஷின் தந்தை காது-மூக்கு-தொண்டை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தொழிலை நிறுத்தினார். கிராண்ட்மாஸ்டர்களான பிரக்ஞானந்தா, அவர் அக்கா வைஷாலி ஆகியோரின் போட்டிகளில் அம்மா கூடவே இருப்பதை உலகமே பார்த்திருக்கிறது. பயணம், கோச், வெளிநாட்டுப் போட்டி என்று செலவு நடுத்தரக் குடும்பத்தின் கழுத்தைப் பிடிக்கும். குடும்பமே ஒரு குழந்தையின் மேல் பந்தயம் கட்டிவிட்டால், நான் சொன்ன 'சின்னத் தோல்வி' எங்கே இருக்கும்? ஒவ்வொரு 20 புள்ளியும் அப்பாவின் சம்பளமாகத் தெரியாதா? தெரியும். அரங்கத்துக்கு வெளியே, தோற்று வந்த குழந்தையை எல்லார் முன்னாலும் திட்டும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்த நிமிடத்திலேயே விளையாட்டு பொதுத்தேர்வாக மாறிவிடுகிறது. நான் சொன்ன பாடம் அங்கே செத்துப்போகிறது. ஆகவே விளையாட்டு தானாக இதைக் கற்றுத்தராது. தோல்வியைச் சின்னதாக வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வேண்டும். குகேஷின் கோச் விஷ்ணு பிரசன்னா, பையன் ஏறக்குறைய 2500-ஐத் தொடும்வரை கணினி எஞ்சினைப் பயன்படுத்த விடவில்லை. சரியான விடையை உடனே திரையில் பார்த்துக்கொள்ளும் வசதி உள்ள காலத்தில், தப்பை நீயே தேடு என்று விட்டுவைத்தார். அந்தப் பொறுமை பணத்தால் வாங்கக்கூடியதன்று. ஏழை வீட்டிலும் இருக்கலாம், வசதியான வீட்டில் இல்லாமலும் போகலாம்.

ஆசை நிறைவேறிய பிறகு என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அங்கேதான் பலர் உடைகிறார்கள். 2023-இல் அஸ்தானாவில் பட்டம் வென்ற டிங் லிரன், அதன்பிறகு மன அழுத்தத்தால் நெடுநாள் ஆட்டத்தை விட்டு விலகியிருந்தார். அதை மறைக்காமல் பேசினார். கார்ல்சன் 2022-இல், இன்னொரு உலகப் போட்டிக்கான உந்துதல் தனக்கு இல்லை என்று பட்டத்தையே விட்டுக்கொடுத்தார். எட்டிய உச்சம் எல்லாருக்கும் தாங்குவதில்லை. குகேஷுக்கும் சாம்பியன் ஆன பிறகான ஆண்டு கரடுமுரடாகவே இருந்தது. 2025 பிப்ரவரியில் டாடா ஸ்டீல் போட்டியின் டை-பிரேக்கில் பிரக்ஞானந்தாவிடம் தோற்றார். ஜூனில் நார்வேயில் கார்ல்சனை வென்றார்; கார்ல்சன் மேஜையைக் குத்திய காட்சி உலகெங்கும் பரவியது. செப்டம்பரில் சமர்கண்டில் நடந்த, கேண்டிடேட்ஸுக்கு வழிவிடும் கிராண்ட் ஸ்விஸில் அடுத்தடுத்து மூன்று ஆட்டம் தோற்றார். அவரை வென்ற மூவரில் ஒருவர் அபிமன்யு மிஸ்ரா. குகேஷ் உண்மையான சாம்பியன்தானா என்று கேள்வி கேட்டார்கள். அந்தப் போட்டியில் அவர் ஆடியே தீர வேண்டிய கட்டாயமில்லை; சாம்பியனுக்குக் கேண்டிடேட்ஸ் தகுதி தேவையில்லை. பட்டத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். போனார், ஆடினார், தோற்றார், மீதிச் சுற்றுகளையும் ஆடி முடித்தார்.

தமிழ்நாடு அரசு குகேஷுக்கு 5 கோடி ரூபாய் பரிசளித்தது; தகுதியான பரிசு. 7 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் செஸ் கற்பிக்கும் திட்டமும் இங்கே 2013 முதல் பேசப்பட்டு வருகிறது. ஆனால் ரேட்டட் போட்டிகளில் பெரும்பாலானவை இன்னும் பெருநகரங்களைச் சுற்றியே நடக்கின்றன. ஒரு சுற்றுக்காக அதிகாலை பஸ் பிடித்து வரும் சிற்றூர்ப் பிள்ளைக்கு, நுழைவுக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து தோல்வியின் விலையை ஏற்றிவிடுகின்றன. செலவழித்துத் தோற்ற குழந்தையால் அடுத்த மாதம் மறுபடி கேட்க முடிவதில்லை. ஒவ்வொரு வட்டாரத் தலைநகரிலும், கட்டணம் இல்லாமலோ பெயருக்கு ஒரு தொகையிலோ, மாதம் ஒரு ரேட்டட் போட்டி நடந்தால் போதும். பரிசுத்தொகைகூட முக்கியமில்லை. ஆர்பிட்டர் ஒருவர், கடிகாரங்கள், ஸ்கோர் ஷீட்டுகள், ஆட்டம் முடிந்து வெளியே வரும் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து அதே ஆட்டத்தை வைத்துப் பார்க்க வெளியே நாலு மேஜை. இதற்கு ஆகும் செலவு ஒரு பாராட்டு விழாப் பந்தலைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.